டிரெட்மில்: தண்டனையின் உடல், சிகிச்சையின் உடல்

மூன்று வருஷமாக வாரத்தில் ஐந்து நாள் டிரெட்மில்லில் நடக்கிறேன். ஒரு நாள்கூடப் பிடித்து நடந்ததில்லை. சர்க்கரை, டாக்டர் சொல்லிவிட்டார். 'கொஞ்ச நாள்ல பழகிடும், அப்புறம் நடக்காம இருக்கவே முடியாது' என்றார்கள். பழகவே இல்லை. ஃபூக்கோ படித்த நண்பர் ஒருவர், 'ஜெயில் கருவியில நீங்களே காசு கட்டி ஏறுறீங்களே தோழர்' என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் தேடித்தான் இதன் வரலாற்றுக்குள் போனேன்.

நண்பர் சொன்னது சரிதான். 1818இல் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர், மாவு மில்காரரின் மகன், கைதிகளுக்கென்றே இதை வடிவமைத்தார். இன்றைய பெல்ட் அல்ல. நீண்ட உருளை, சுற்றிலும் படிகள். மேலே உள்ள கம்பியைப் பிடித்தபடி வரிசையாக நின்று மிதிக்க வேண்டும். மிதித்த படி இறங்கும், அடுத்த படி வந்து நிற்கும். 1821இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் அமைத்த சக்கரம் தானியம் அரைத்தது. வேறு பல சிறைகளில் அது எதோடும் இணைக்கப்படவில்லை. 'காற்றை அரைப்பது' என்று அதற்குப் பெயரே உண்டு.

உழைப்பின் பலனைப் பிடுங்குவதைச் சுரண்டல் என்கிறோம். பலனே இல்லாத உழைப்பை உடலிலிருந்து கறப்பதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதா? 1824இல் நியூயார்க்கில் இச்சக்கரத்தின் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் ஹார்டி, இதன் பயங்கரம் கடுமையில் இல்லை, மாறாத ஒரே சீரில் இருக்கிறது என்றார். சலிப்புதான் தண்டனை. பதினைந்தாவது நிமிடத்தில் எனக்கு இது நன்றாகவே விளங்குகிறது.

ஆனால் இந்த ஒப்புமை பிரிட்டனுக்கு வெளியே போனதும் உடைகிறது. 1834இல் பேரரசு அடிமைமுறையை ஒழித்தது. ஜமைக்காவில் 'விடுதலையான' கறுப்பின மக்கள் 1838 வரை 'பயிற்சியாளர்கள்' என்ற பெயரில் அதே தோட்டங்களில் கட்டிப்போடப்பட்டனர். எஜமானர் தாமே தண்டிக்கக் கூடாது, மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும் என்றது சட்டம். மாஜிஸ்திரேட் அவர்களைச் சக்கரத்துக்கு அனுப்பினார். மணிக்கட்டைக் கம்பியில் கட்டினார்கள். கால் தவறியவர் தொங்க, சுழலும் படி கணைக்காலில் மோதியது. பெண்களைச் சாட்டையால் அடிக்கச் சட்டம் தடை விதித்திருந்தும் சக்கரத்தின் மேல் வைத்து அடித்தார்கள். இதை 1837இல் வெளியான தன் வாக்குமூலத்தில் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற இளைஞர் சொல்கிறார். சக்கரத்தில் ஏறுவதை 'ஆடுவது' என்றார்கள்.

நான் பொத்தானை அமுக்கி இறங்கிவிடலாம். அந்தப் பெண்களால் முடியாது. இரண்டையும் 'உடல் மீதான அதிகாரம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் அந்தக் கணைக்கால் கோட்பாட்டுக்குள் காணாமல் போய்விடும். நம் கட்டுரைகளில் இது அடிக்கடி நடக்கிறது, என்னுடையவை உட்பட.

பிரிட்டனில் 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் இத்தண்டனைக்கு முடிவு கட்டியது. 1963இல் ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் பெல்ட்டை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூட்டி, நெஞ்சைச் சோதிக்கும் முறையாக்கினார். நம்மூர் ஆஸ்பத்திரியில் 'டி.எம்.டி.' என்பது இதுதான். என் காற்று எதையோ அரைக்கத்தான் செய்கிறது: மூன்று மாதச் சர்க்கரை 9.1இலிருந்து 7.2க்கு இறங்கியிருக்கிறது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். 'அப்போ சந்தோஷமா நடங்க' என்றார். ஜிம்காரப் பையனும் அதையேதான் சொல்கிறான், பாட்டு வைக்கிறான், 'என்ஜாய் பண்ணுங்க சார்' என்கிறான். நாற்பது நிமிடம் தருகிறேன், வியர்வை தருகிறேன், மாதச் சந்தாவும் தருகிறேன். ஆடச் சொன்னால் மட்டும் முடியாது. நாளைக்கும் அஞ்சரைக்கு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறுவேன்.