சேகண்டியும் கோங்கும்: சொல்வரலாறும் கருவிவரலாறும்

தட்டு வடிவான வெண்கல ஓசைக்கருவியைத் தமிழ் சேகண்டி, சேமக்கலம் என வழங்குகிறது. ஆங்கிலம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகளில் அவ்வகைக் கருவி கோங் எனப்படும். இப்பெயர் மலாய், சாவக மொழிகளிலிருந்து கடல்வணிகத்தின் வழி ஐரோப்பாவை அடைந்த ஒலிக்குறிப்புச் சொல்லாகும். இதனைக் கொண்டு கருவியும் அம்மொழிகள் வழங்கும் நிலத்திலேயே தோன்றியது என முடிவு செய்தல் பொருந்தாது.

சீனமொழியில் இக்கருவியின் பெயர் லுவோ. பொ.ஆ. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்குப்புலத்திலிருந்து இது வந்ததாகச் சீன ஏடுகள் குறிக்கின்றன. ஆயின், குவாங்சிப் பகுதியின் லுவோபோவானில் 1976இல் அகழப்பட்ட கல்லறையில் கிடைத்த வெண்கலக் கோங், மேற்கு ஹான் ஆட்சியின் தொடக்கக் காலத்தைச் சார்ந்தது. அகழாய்வுச் சான்று ஏட்டுச் சான்றினும் ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் முந்தியது.

தமிழ்ச்சொல்லின் வரலாறு வேறு. சேகண்டி என்பது வடமொழி ஜயகண்டா என்பதன் திரிபு. கண்டா என்பது மணியைக் குறிக்கும். நாவுடைய மணியின் பெயரே கோலால் அறையப்படும் தட்டிற்கும் ஆகியுள்ளது. கோயில் பூசையிலும் இறப்புச் சடங்கிலும் சங்குடன் ஒலிக்கும் இக்கருவி எங்கிருந்து வந்தது என்பதை இப்பெயர் உணர்த்தாது. அதனை மணியின் இனமாக மக்கள் கருதினர் என்பதையே உணர்த்தும்.

ஆகவே, பெயர் பரவிய வழியைக் கருவி பரவிய வழியாகக் கொள்ளலாகாது. சொற்சான்றும் தொல்பொருட்சான்றும் தனித்தனியே நிறுவப்பட்ட பின்னரே அவற்றை ஒப்பிடுதல் முறையாகும்.