காசு கொடுத்து வாங்கிய சனிக்கிழமை

பழைய டிவி கேமரா கனமானது, சட்டென்று திரும்பாது. மைதானத்தில் பந்தைத் துரத்தச் சொன்னால் பந்து தப்பிவிடும். குத்துச்சண்டையில் அந்தக் கவலை கிடையாது. இருபதடிச் சதுரத்துக்குள் இரண்டே பேர், தலைக்கு மேல் பளீரென்று விளக்கு. ஒரு கேமராவை நட்டுவைத்தால் போதும். மூன்று நிமிடம் அடி, ஒரு நிமிடம் ஓய்வு. அந்த ஒரு நிமிடம் விளம்பரத்துக்கென்றே அளந்து வெட்டியதுபோல இருக்கும். அமெரிக்காவில் ஜில்லெட் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. பிளேடு விற்பவனுக்குச் சவரம் செய்யும் ஆண்கள் மொத்தமாக ஒரே இடத்தில் அகப்பட்டால் விடுவானா? 1940-களில் தொடங்கி 1960 வரை ஜில்லெட் செலவில் என்பிசி சேனலில் சண்டைகள் வந்தன. வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் குத்துச்சண்டை என்பது பழக்கமாகிப்போனது. வீட்டில் டிவி இல்லாதவர்கள் மதுக்கடையில் நின்று பார்த்தார்கள்.

அந்தப் பழக்கம் ஒரே நாளில் போகவில்லை. 1962 மார்ச்சில் ஏபிசி நேரலையில், பன்னிரண்டாவது ரவுண்டில், எமில் கிரிஃபித் மூலையில் சிக்கிய பென்னி பாரெட்டை ஓயாமல் அடித்ததை நாடே பார்த்தது. பாரெட் பத்து நாளில் இறந்தார். 1982-ல் சிபிஎஸ் காட்டிய சண்டையில் ரே மன்சினியிடம் அடிவாங்கி விழுந்த கொரியாவின் கிம் டுக் கூ நான்கு நாளில் இறந்தார். பதினைந்து ரவுண்ட் பன்னிரண்டாகக் குறைந்தது அதற்குப் பிறகுதான். விளம்பரதாரர்கள் ஒதுங்கினார்கள்.

ஆனால் சாவு மட்டும் காரணமில்லை, காசும்தான். ஹெச்பிஓ போன்ற சந்தா சேனல்கள் பெரிய வீரர்களை அள்ளிக்கொண்டன. அதற்கும் மேலே, ஒரு சண்டைக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்டிப் பார்க்கும் முறை வந்தது. வீரர்களுக்கும் புரோமோட்டர்களுக்கும் கொழுத்த வருமானம். அப்பாவோடு சோபாவில் உட்கார்ந்து ஓசியில் பார்த்து ரசிகனாகிற பையன்தான் காணாமல் போனான். 1985-ல் லாரி ஹோம்ஸும் கார்ல் வில்லியம்ஸும் மோதியதோடு, என்பிசியின் முன்னிரவு நேரத்திலிருந்து குத்துச்சண்டை போயேபோய்விட்டது.

முப்பது வருடம் கழித்து அதைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஆல் ஹேமன். ஹார்வர்டில் பொருளாதாரம் படித்தவர், இசைக் கச்சேரிகள் நடத்திச் சம்பாதித்தவர். பேட்டி கொடுக்கமாட்டார், கேமராப் பக்கமே வரமாட்டார். ஒரே ஆள் மேனேஜராகவும் புரோமோட்டராகவும் இருக்கக்கூடாது என்று 2000-ல் வந்த முகமது அலி பெயரிலான சட்டம் சொல்கிறது. ஹேமனோ தன்னை வீரர்களின் ‘ஆலோசகர்’ என்று சொல்லிக்கொண்டார். ஆலோசனை கேட்டவர்களோ நூற்றுக்கும் மேலே.

அவர் செய்தது ஒன்றே ஒன்று. பணம் போகும் திசையைத் திருப்பினார். விளையாட்டைக் காட்ட சேனல்தான் காசு தரும், அதுதான் வழக்கம். ஹேமன் சேனலுக்குக் காசு கொடுத்து நேரத்தை வாங்கினார். நம் ஊர் சீரியல் தயாரிப்பாளர்கள் ஸ்லாட் வாங்குவார்களே, அதே கதை. என்பிசியிடம் மட்டும் இருபது நிகழ்ச்சிகளுக்குச் சுமார் 2 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. சிபிஎஸ், ஸ்பைக், இஎஸ்பிஎன் என்று பிறகு ஒவ்வொன்றாகப் போனார். முதலீட்டு நிறுவனப் பணம் பின்னால் இருந்தது. நிகழ்ச்சிக்கு ‘பிரீமியர் பாக்ஸிங் சாம்பியன்ஸ்’ என்று பெயர். தமிழில் பிபிசி என்று சுருக்கினால் லண்டன் ரேடியோ ஆகிவிடும், அதனால் சுருக்காமல் விடுகிறேன்.

முதல் நிகழ்ச்சி என்பிசியில், 2015 மார்ச் 7, சனிக்கிழமை. லாஸ் வேகாஸ், எம்ஜிஎம் கிராண்ட். இசை ஹான்ஸ் ஸிம்மர். வர்ணனை மார்வ் ஆல்பர்ட், பக்கத்தில் சுகர் ரே லியோனார்ட். (ஹேமனின் அண்ணன் பாபியும் குத்துச்சண்டை வீரர்தான். 1978-ல் இதே லியோனார்டிடம் தோற்றவர்.) சுற்றிலும் இருபது பேர் தள்ளுமுள்ளு பண்ணிக்கொண்டு வரும் பழைய வழக்கத்தை நிறுத்தி, வீரரைத் தனியாக நடந்துவர விட்டார்கள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி. அந்த இருபது பேரின் சத்தத்தில்தான் பாதி பயம் இருந்தது என்பது அவர்கள் போனபிறகுதான் தெரிந்தது.

கீத் தர்மனும் ராபர்ட் கெரேரோவும் மோதினார்கள். மூன்றாவது ரவுண்டில் தலையோடு தலை முட்டி, தர்மன் நெற்றியில் எலுமிச்சம்பழம் போல வீங்கிவிட்டது. ஒன்பதாவதில் அவர் கெரேரோவைத் தரையில் சாய்த்தார், நடுவர்கள் மூவரும் அவருக்கே வெற்றி கொடுத்தார்கள். பார்த்தவர்கள் சராசரியாக 34 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. மோசமில்லை.

எட்டே வாரத்தில், மே 2-ம் தேதி மேவெதர்–பாக்கியாவோ சண்டை. ஏறக்குறைய நூறு டாலர் கட்டி 46 லட்சம் வீடுகள் வாங்கின. மேவெதருக்கும் ஆலோசகர் ஹேமன்தான்! ஒரு கையால் இலவசப் பந்தல், மறு கையால் நூறு டாலர் டிக்கெட். எந்தக் கடை ஓடும் என்று அவருக்கே தெரியாமலா இருந்திருக்கும்? ஜில்லெட் கொடுத்தது வெள்ளிக்கிழமை என்கிற ஒரு நாளை. ஹேமன் கொடுத்தது இன்றைக்கு இந்தச் சேனல், அடுத்து அந்தச் சேனல், ஒருநாள் மத்தியானம், ஒருநாள் ராத்திரி. தேடிப்பிடித்துப் பார்க்க வேண்டியதாக இருக்கும்வரை அது பழக்கம் ஆகாது என்பது என் எண்ணம்.

போட்டி புரோமோட்டர்கள் வழக்குப் போட்டார்கள். ஒன்று சமரசமானது, இன்னொன்று தள்ளுபடியானது. 2018-ல் ஃபாக்ஸ் சேனல் ஒப்பந்தம் போட்டது. இம்முறை காசு கொடுத்தது சேனல். அதுவும் நான்கு வருடத்தோடு முடிந்தது. சந்தா சேனல்களில் ஹெச்பிஓ 2018 கடைசியிலும் ஷோடைம் 2023 கடைசியிலும் குத்துச்சண்டைக் கடையையே மூடின. 2024-ல் ஹேமனின் வீரர்கள் அமேசானுக்குப் போனார்கள். மார்ச் 30, லாஸ் வேகாஸ், முதல் ராத்திரி. சந்தா இருந்தாலும் சண்டைக்குத் தனிக்காசு கட்டவேண்டும். டிம் ஸூ என்ற வீரரோடு மோதவேண்டியவர் அதே கீத் தர்மன். கையில் அடிபட்டு விலக, அவர் இடத்தில் வந்தார் ஆறடிக்கு மேல் நெடுநெடுவென்று வளர்ந்த செபாஸ்டியன் ஃபண்டோரா. இரண்டாவது ரவுண்டில் அவர் முழங்கை பட்டு ஸூவின் உச்சந்தலை கிழிந்தது. கண்ணில் ரத்தம் வழிய, துடைத்துத் துடைத்துப் பன்னிரண்டு ரவுண்டும் நின்று, தோற்றுப்போனார் ஸூ. பார்க்க அத்தனை நல்ல சண்டை. காசு கட்டியவர்கள் பார்த்தார்கள்.