மாநில நெடுஞ்சாலை 15க்கு முன்: கோத்தகிரிச் சரிவின் பாதைகளும் இருளரும்

நீலகிரி வரலாற்றை எழுதுவோருக்கு 1823 வசதியான ஆண்டு. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். லெப்டினன்ட் ஈவான்ஸ் மெக்பர்சன் 1821இல் சிறுமுகையிலிருந்து கோத்தகிரியை அடுத்த திம்பட்டி வரை குதிரைப் பாதை வெட்டத் தொடங்கி 1823இல் முடித்தார். மலை வெளியுலகோடு சேர்ந்தது அதன்பிறகுதான் என்று கதை முடிகிறது. அதே சரிவில்தான் இன்று மாநில நெடுஞ்சாலை 15 ஓடுகிறது. ஈரோட்டில் புறப்பட்டு, கோபி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் தாண்டி, குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கும் அங்கிருந்து ஊட்டிக்கும் செல்லும் சாலை அது. இச்சாலைக்கு முன் அச்சரிவு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட பதில் போதாது என்பது என் கருத்து.

அந்தப் பதிலுக்கு ஆய்வுலகில் நிலையான வடிவம் தந்தவர் டேவிட் மாண்டெல்பாம். 1930களின் பிற்பகுதியில் கோத்தரிடையே தங்கிக் களப்பணி செய்த அமெரிக்க மானிடவியலாளர் அவர். நீலகிரிப் பழங்குடிகளின் பண்பாட்டு மாற்றம் குறித்து 1941இல் 'அமெரிக்கன் ஆந்த்ரோபாலஜிஸ்ட்' இதழில் அவர் எழுதிய கட்டுரை, அதன்பின் வந்த ஏறக்குறைய எல்லா எழுத்துக்கும் அடித்தளமாயிற்று. அவர் தீட்டிய சித்திரம் தெளிவானது. தொதவர் பாலும் நெய்யும் தருவர். படகர் தானியம் தருவர். கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் இசையும் தருவர். குறும்பர் காட்டுப் பொருளும் மந்திரக் காவலும் தருவர். நான்கு சமூகங்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்தன. செங்குத்தான சரிவும் அடிவாரத்துக் காய்ச்சல் காடும் அவ்வாழ்க்கையைச் சமவெளியிலிருந்து ஒதுக்கிக் காத்தன. ஆங்கிலேயர் வந்த பிறகே அது குலைந்தது.

இந்தச் சித்திரத்தை முற்றாகத் தள்ளிவிட நான் முனையவில்லை. கோத்தர் வாழ்வைப் பற்றி மாண்டெல்பாம் சேர்த்த குறிப்புகளுக்கு ஈடான பதிவுகள் குறைவு. மலைமேல் நிகழ்ந்த பண்டமாற்று உண்மை. அதன் சடங்கு நுணுக்கங்களும் உண்மை. அவருடைய வாசிப்பைப் பிறரும் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். ஆலன் சகாரெல் மலையின் நடுகற்களையும் கற்பதுக்கைகளையும் சமவெளி அரசுகளின் வளர்ச்சியோடு பொருத்திப் பார்த்தார். நூரித் பேர்டு-டேவிட் 1994இல், நீலகிரி முழுவதற்கும் ஒரே அமைப்பு இருந்ததா என்று காட்டுவாசிகளின் பக்கம் நின்று கேட்டார். ஆனால் இவர்களும் கவனத்தை மலையுச்சியிலோ மேற்கே வயநாட்டுப் பக்கமோதான் வைத்தார்கள். கிழக்குச் சரிவு, அதாவது இன்றைய கோத்தகிரிச் சாலையின் இருமருங்கும், விவாதத்துக்கு வெளியேயே நின்றுவிட்டது.

அது வெளியே நின்றதற்குக் காரணம் மாண்டெல்பாமின் பட்டியலிலேயே இருக்கிறது. நான்கு சமூகங்களில் இருளர் இல்லை. மலைமேட்டிலும் சேராமல் சமவெளியிலும் சேராமல் நடுச்சரிவில் வாழ்பவர்கள் அவர்கள். அவர்களை விட்டுவிட்டால் சரிவு ஆளற்றதாகத் தெரியும். ஆளற்ற சரிவை மதில் என்று சொல்வது எளிது. காய்ச்சல் காடு பற்றிய வாதத்துக்கும் இதே குறை உண்டு. அந்தக் காட்டில் படைகள் நோயில் விழுந்திருக்கலாம், கலெக்டர்களின் முகாம்கள் கலைந்திருக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக அதற்குள்ளேயே வாழ்ந்த ஒரு சமூகம் இருக்கையில் அது யாருக்குத் தடை, யாருக்கு வீடு என்று பிரித்துக் கேட்டாக வேண்டும். தலைச்சுமையாகத் தேனும் மெழுகும் கொண்டு இறங்குகிறவருக்குக் குதிரைப் பாதை தேவையில்லை.

மாண்டெல்பாம் விவரித்த பண்டங்களையே சான்றாக எடுத்துக்கொள்வோம். தொதவர் எருமைகளுக்கு உப்பு கொடுப்பதைச் சடங்காகவே செய்பவர்கள்; டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் அது விரிவாகப் பதிவாகியிருக்கிறது. படகரிடமும் மாடுகளுக்கு உப்பு ஊட்டும் 'உப்பட்டுவ ஹப்பா' உண்டு. நீலகிரியில் உப்பளம் இல்லை. மூட்டையாகவோ முடிச்சாகவோ கீழிருந்துதான் உப்பு வந்திருக்க வேண்டும். எப்போதோ ஒருமுறை வந்த பொருளை நம்பி ஒரு சமூகம் சடங்கை அமைத்துக்கொள்ளாது. துணியும் அப்படித்தான். மலைமேல் வாழ்ந்த சமூகங்கள் எதுவும் தறி போட்டதில்லை. தொதவப் பெண்கள் கறுப்பும் சிவப்புமாகப் பின்னல் வேலை செய்யும் பூத்துக்குளி, சமவெளித் தறியில் நெய்த துணிமேல்தான் உருவாகிறது. மலைக்குள் முழுமை பெற்றதாகச் சொல்லப்படும் அமைப்பின் மிக நெருங்கிய இரண்டு பொருள்கள், உடையும் உப்பும், மலைக்கு வெளியிலிருந்து வந்தவை.

இனி, இக்கட்டுரை எழுதத் தூண்டிய கல்வெட்டுக்கு வருகிறேன். கர்நாடகத்தின் சாமராஜநகரில் பார்சுவநாதர் பஸதி ஒன்று உண்டு. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தண்டநாயகன் புணிசன் அங்கே 1117இல் பொறிக்கச் செய்த கல்வெட்டை, லூயிஸ் ரைஸ் 'எபிகிராபியா கர்நாடிகா' நான்காம் தொகுதியில் பதிப்பித்தார். நீலகிரி வரலாறு பேசும் எவரும் இதைச் சுட்டாமல் இருப்பதில்லை. தொதவரின் பெயர் எழுத்தில் காணக் கிடைக்கும் மிகப் பழைய இடம் இது. தொதவரை அச்சுறுத்தியதாகவும், கொங்கரை ஒடுக்கியதாகவும், பொலுவரையும் மலையாளரையும் வீழ்த்தியதாகவும், நீல மலைக்குள் புகுந்து அதன் உச்சியை வெற்றித் திருமகளுக்குக் காணிக்கையாக்கியதாகவும் கல்வெட்டு புணிசனைப் புகழ்கிறது. மேற்கோள் காட்டுவோர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கல்வெட்டு அதோடு முடியவில்லை. புணிசனின் கொடையைச் சொல்லும் பகுதியில் மூவர் அடுத்தடுத்து வருகின்றனர்: முதல் இழந்து நொடித்த வணிகன், விதைக்க விதையில்லாத குடியானவன், அதிகாரம் பறிபோய்ப் பிறருக்கு ஏவல் செய்யும் நிலைக்கு இறங்கிய கிராதன். மூவருக்கும் இழந்ததைத் திருப்பிக் கொடுத்து ஆதரித்தான் என்கிறது கல்வெட்டு. கிராதன் என்பது வடமொழியில் மலைவேடரைக் குறிக்கும் பொதுப்பெயர். அவன் இருளனா, குறும்பனா, வேறு யாரேனுமா என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. ஆயினும் அவன் நிற்கும் இடம் கவனிக்கத்தக்கது. அவனை வணிகனோடும் உழவனோடும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறது கல்வெட்டு. மேலும், இழப்பதற்கு ஓர் அதிகாரம் அவனிடம் இருந்திருக்கிறது.

எதன்மீது அதிகாரம்? வயலும் இல்லாத, பெரிய ஊரும் இல்லாத சரிவில் ஒரு வேடத் தலைவன் செலுத்தக்கூடிய அதிகாரம் காட்டின் விளைபொருள்மீதும் அதன் வழியே போகும் பாதைமீதும்தான் இருந்திருக்க முடியும் என்று நினைக்கிறேன். போர் நடந்தது; பாதைகள் அடைபட்டன; வணிகன் நொடித்தான், பாதையை ஆண்டவன் பதவி இழந்தான், அடிவாரத்து உழவன் விதையைத் தின்று தீர்த்தான். ஒரே படையெடுப்பின் மூன்று விளைவுகளாக இவற்றை வாசிக்க இடமிருக்கிறது. இதற்கு மறுப்பும் உண்டு. மெய்க்கீர்த்திகளில் புகழுரை வாய்பாடாகவே வரும்; கொடையாளி எல்லாருக்கும் கொடுத்தான் என்பது மரபு. ஆனால் மரபான கொடைப் பட்டியலில் புலவரும் அந்தணரும் ஆதரவற்றோரும் இடம்பெறுவார்கள். பதவி இழந்த கிராதனுக்கு அதில் வழக்கமான இடம் கிடையாது. எழுதியவர் கண்முன் ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியின் நிலவரம் இருந்தது என்றே தோன்றுகிறது. சான்று மெலிந்ததுதான். ஆனால் மலை தனித்தே கிடந்தது என்னும் எதிர்வாதத்துக்கு அந்த நூற்றாண்டில் இவ்வளவு சான்றுகூட இல்லை.

புணிசன் எவ்வழியே ஏறினான் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. வடக்கே சீகூர்ப் பக்கமாக ஏறியிருக்கலாம். கிழக்கே, மாயாறும் பவானியும் கூடும் இடத்தருகே, தண்ணாயக்கன்கோட்டைப் பக்கமாகவும் ஏறியிருக்கலாம். பட்டியலில் கொங்கர் வருவதும், 14ஆம் நூற்றாண்டில் தண்ணாயக்கன்கோட்டையிலிருந்து ஆண்ட ஹொய்சளத் தளபதிகள் நீலகிரியை அடக்கியவர் என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டதும் கிழக்கு வழிக்குச் சார்பானவை. ஆனால் பிந்தைய கோட்டையைக் காட்டி, இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய படைவழியை உறுதிசெய்வது முறையல்ல. அந்தக் கோட்டையும் 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்புக்குள் போய்விட்டது. படகர் பெயர் இக்கல்வெட்டில் இல்லாததை வைத்து அவர்கள் அப்போது மலையில் இல்லை என்று முடிவுகட்டவும் இயலாது. விஜயநகர வீழ்ச்சிக்குப் பின் மைசூர்ப் பக்கமிருந்து வந்தார்கள் என்னும் கருத்து வலுவானது. ஆனால் 1603இல் பாதிரியார் பெனிசியோ மலபாரிலிருந்து ஏறிவந்தபோது அவர்கள் ஊரும் உழவுமாக நிலைத்திருந்தார்கள். காலக்கணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

கல்வெட்டைவிட உறுதியான சான்று ஒன்று வழிபாட்டில் இருக்கிறது. கோத்தகிரிக்குக் கிழக்கே நிற்கும் ரங்கசாமி மலை, நீலகிரியில் மிகப் புனிதமாகக் கருதப்படும் சிகரங்களில் ஒன்று. அங்குள்ள தெய்வத்தைப் பற்றிய கதையை 1908ஆம் ஆண்டு மாவட்ட விவரச்சுவடியில் டபிள்யூ. பிரான்சிஸ் பதிவு செய்தார். காரமடையில் குடியிருந்த ரங்கசாமி, மனைவியோடு பிணங்கிக்கொண்டு தனியே மலையேறி வந்துவிட்டாராம். காரமடை மேட்டுப்பாளையத்தை அடுத்த சமவெளி ஊர். மலைமேல் பூசை செய்பவர் இருளர். வழிபட வருபவர்களில் படகரும் உண்டு, சமவெளி மக்களும் உண்டு. சமவெளித் தெய்வம் மலையேறுகிறது, நடுச்சரிவுச் சமூகம் பூசை செய்கிறது, மேட்டுநிலச் சமூகம் கும்பிடுகிறது. தனித்துக் கிடந்த ஒரு நிலத்தில் இப்படியொரு உறவு முளைத்திருக்காது. மாண்டெல்பாமின் நான்கு சமூகச் சித்திரத்துக்குள் இந்தக் கோயிலை வைக்க இடமே இல்லை.

ஆங்கிலேயரின் முதல் வருகைகளும் இதையே காட்டுகின்றன. பிரான்சிஸ் புக்கானன் 1800இல் தண்ணாயக்கன்கோட்டைக்கு வந்து, இருளர் வாழும் அரக்கோடு வரை ஏறினார். 1812இல் நில அளவையாளர் வில்லியம் கீஸ் ஏறியதும், 1818இல் சல்லிவனின் உதவியாளர்கள் விஷ்ஷும் கிண்டர்ஸ்லியும் ஏறியதும் கிழக்குப் பக்கமாகத்தான். பின்னிருவரும் புகையிலைக் கடத்தல்காரர்களைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, கடத்தல்காரர் மலைக்குள் மறைவது இயல்பானதாக அன்றைய மனங்களுக்குப் பட்டிருக்கிறது. பாதை தெரிந்தவர்கள் இருந்தார்கள். கம்பெனி அதிகாரிகள் நடந்தது அவர்களின் பாதையில்தான்.

அப்படியானால் மெக்பர்சன் செய்தது என்ன? பல இடங்களில் பிரிந்தும் சேர்ந்தும், பருவத்துக்கேற்ப மாறியும் கிடந்த வழிகளில் ஒன்றை அரசு நிலைப்படுத்தியது. குதிரையும் பல்லக்கும் கூடாரமும் போகும் அளவுக்கு அது அகலமாயிற்று. பாதையின்மீது உரிமை கம்பெனியிடம் போயிற்று. இந்த முதன்மையும் நீடிக்கவில்லை. ஆளுநர் லஷிங்டன் காலத்தில் 1830களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதை திறந்ததும் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பியது. 1873இல் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தபின் அடிவார வாசல் சிறுமுகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மாறிவிட்டது. இதற்கிடையே கோத்தகிரியைச் சுற்றிக் காப்பியும் பின்னர் தேயிலையும் பரவின. 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம் வந்தது. சரிவுக் காடு காப்புக்காடாக எல்லை கட்டப்பட்டபோது, அங்கே தேன் எடுத்தவர்களும் தினை விதைத்தவர்களும் அரசின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியவர்களானார்கள். என் கணக்கில், இருளர் வாழ்வில் உண்மையான முறிவு 1823இல் நிகழவில்லை. அது இந்த 1880களில் நிகழ்ந்தது.

இன்று மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சாலைவழி 33 கிலோமீட்டர். குஞ்சப்பனையைச் சுற்றி இருளர் ஊர்கள் உள்ளன. மே முதல் ஆகஸ்ட் வரை பலா பழுக்கும் காலத்தில் யானைகள் அச்சரிவுக்கு ஏறிவருகின்றன; பேருந்துகள் வளைவுகளில் நின்று வழிவிடுகின்றன. சாலை மேலேறி அரவேனுவைக் கடந்தால் தேயிலை. கோத்தகிரியை ஒட்டி 116 ஹெக்டேர் லாங்வுட் சோலை மட்டும் பழைய காட்டின் மிச்சமாக நின்று சுற்றுவட்டார ஊர்களுக்குத் தண்ணீர் தருகிறது. 2024இல் அது ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

இந்தச் சரிவை எப்படி வாசிக்கிறோம் என்பது நூலகத்தோடு முடியும் கேள்வி அல்ல. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வழிவழியாக அனுபவித்துவந்த உரிமைகளை மெய்ப்பிக்கச் சான்று கேட்கிறது. ஆளில்லாத மதிலாக இருந்த சரிவில் சாலைக்குப் பிறகு குடியேறியவர்கள் என்று இருளரைப் பார்க்கும் பார்வைக்கு மாண்டெல்பாமின் சித்திரம், அவர் எண்ணியிராத வகையில், துணைபோகிறது. ரங்கசாமி மலைப் பூசையும் புக்கானனின் பயணக் குறிப்பும் அதற்கு எதிராக நிற்கின்றன. 1117ஆம் ஆண்டுக் கிராதனையும் அந்த வரிசையில் சேர்க்கலாம் என்பதே என் வாதம். அடுத்து செய்ய வேண்டியது, மெக்பர்சன் வெட்டிய தடத்தைப் பழைய நில அளவை வரைபடங்களில் குறித்து, அதன்மேல் இருளர் ஊர்களையும் அவர்களின் கோயில்களையும் இடுகாடுகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது. தடம் அவ்வூர்களைத் தொட்டுத் தொட்டுச் சென்றிருந்தால் என் வாசிப்பு வலுப்படும். விலகிச் சென்றிருந்தால், பாதைமீது கிராதனுக்கு அதிகாரம் இருந்தது என்று நான் மேலே சொன்ன பகுதியைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.