கண்மாய்ப் பாசியும் கொடுவா மீனும்

விருதுநகரிலிருந்து சாத்தூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரத்தின் சந்தடி ஓய்ந்த சற்று நேரத்திற்கெல்லாம் எதிர்ப்படுகிற சூலக்கரையை, மீனுக்குப் பேர்போன ஊர் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். கரிசல் மண்ணும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்த வேலிக்கருவையும், பருத்தியும், விடியற்காலையில் பட்டாசு ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளுமே இப்பிரதேசத்தின் பிரசித்தமான அடையாளங்கள். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதியை ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் தன் கடமை முடிந்தது என்று ஒதுங்கிக்கொள்ளும். இத்தகைய பூமியில் மீன்பிடித்தலின் சரித்திரத்தை எழுதப் புகுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், தண்ணீர் அருமையாயிருக்கிற இடத்தில்தான், அந்தத் தண்ணீரில் வாழும் மீன் யாருக்கு உரியது, அதை எப்பொழுது பிடிக்கலாம், பிடித்து வந்த பணம் எங்கே போய்ச் சேரவேண்டும் என்னும் கேள்விகளைப் பற்றி ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சிரத்தையோடு யோசித்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வரும் வரிப் பட்டியல்களைப் பொறுமையோடு வாசிக்கிறவர்களுக்குப் பாசிப்பாட்டம் என்னும் ஆயம் புதிதல்ல. ஏரியிலும் குளத்திலும் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்டது அது. ஊராட்சி அலுவலகங்களின் சுவரில் இன்றைக்கும் ஒட்டப்படும் மீன்பாசி ஏல அறிவிப்பு, இடையில் எத்தனையோ ராஜ்யங்கள் மாறிய பின்னும், அந்தப் பழைய ஆயத்தின் நேர் வாரிசாகவே நிற்கிறது. ஜமீன்தார்கள் இருந்த காலத்தில் ஜமீனுக்குப் போன குத்தகைப் பணம், 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்திற்குப் பிறகு, பெரிய கண்மாய்களானால் பொதுப்பணித் துறையின் பொறுப்பிலும், சிறிய கண்மாய்களானால் ஊராட்சிகளின் பொறுப்பிலும் சேர்ந்தது. ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விடுவார், காவல் போடுவார், பாசனம் முடிந்து நீர் இறங்கிய பின்பே வலையை இறக்குவார். மடையைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் உரிமை விவசாயியினுடையது; மீனுக்காகத் தண்ணீரைத் தேக்கி வைக்கவோ, மீன் பிடிப்பதற்காகத் தண்ணீரை வெளியேற்றவோ குத்தகைதாரருக்கு அதிகாரம் இல்லை. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த நிபந்தனையைச் சுற்றித்தான் கண்மாய்க் கரைகளில் நடந்த சண்டைகளில் பாதி நடந்திருக்கின்றன.

குத்தகைதாரர் தம் பங்கை எடுத்து முடித்த பிறகு, அல்லது அந்த ஆண்டு ஊரார் ஏலமே விடாமல் நிறுத்தி வைத்திருந்த இடங்களில், பங்குனி சித்திரை வாக்கில் கண்மாய் அழிகிற நாள் வரும். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் இறங்கலாம். செய்தி பரவியதும், சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக, முற்காலத்தில் மாட்டு வண்டியிலும், இக்காலத்தில் சரக்கு ஆட்டோவிலும் இருசக்கர வாகனத்திலும், இருட்டு விலகுவதற்கு முன்பே வந்து கரையில் நிறைந்துவிடுவார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசும் வரையில் ஒருவர் காலும் தண்ணீரில் படக்கூடாது. துண்டு அசைந்த மறுகணம், ஆயிரம் கால்கள் கலக்கிய சேற்றில் மீன் மூச்சுத் திணறி மேலே வர, ஆளுக்கொரு ஊத்தாவோடு பாய்வார்கள். ஊத்தா என்பது மூங்கில் சிம்பாலோ குச்சியாலோ கட்டிய, அடியும் மேலும் திறந்த, கீழே அகன்று மேலே குறுகிய கூடு. முழங்கால் அளவு நீரில் அதை ஓங்கிக் குத்திச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டால், உள்ளே அகப்பட்ட மீன் கூட்டின் சுவரில் மோதுகிற அதிர்வு கைக்குத் தெரியும். மேல்வாய் வழியாகத் தோள் வரையில் கையை விட்டுத் துழாவி, செவுளில் விரலைக் கொடுத்து இழுக்கவேண்டும். வழுக்கி ஓடும் விராலைப் பிடிப்பது சாமர்த்தியம். கெளுத்தி அகப்பட்டிருந்தால் நிதானமே முக்கியம். "முள்ளு குத்திப்புடும்டா, பாத்துக் கையை விடு" என்று பக்கத்தில் நின்று பேரனுக்குப் பாடம் சொல்லும் தாத்தாவின் விரல்களில் அந்த முள்ளின் தழும்புகள் இருக்கும். பிடித்த மீனை அன்று விற்பதில்லை என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. வீட்டில் குழம்பு வைத்து, வராதவர்களுக்கும் கொடுத்தனுப்பவேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு மழை தவறாது என்கிற நம்பிக்கையைப் பகுத்தறிவு மிக்கவர்கள் பரிகசிக்கலாம். பகிர்ந்துண்ணும் பழக்கத்தை அந்த நம்பிக்கை காப்பாற்றிக் கொடுத்தது என்ற உபகாரத்தை மறுக்கமுடியாது.

இது தேங்கிய நீரின் கதை. ஓடும் நீரின் கதையை இரும்பும் கல்லும் கொண்டு அணை கட்டியவர்கள் மாற்றிவிட்டார்கள். கொள்ளிடத்தில் 1836-இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய அணை தஞ்சைக்குச் செய்த நன்மையைப் பற்றி எழுதாதவர் இல்லை. கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் உள்ளம் மீனுக்கு அதுவே மதில் சுவராக நின்றது என்பதைப் பற்றி எழுதியவர் வெகு சிலரே. அவர்களுள் முக்கியமானவர் பிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் மருத்துவராக வந்து, பின்னர் இந்திய மீன்வளத்திற்கே தலைமை அதிகாரியான அவர், நன்னீர் மீன்களைப் பற்றி 1873-இல் வெளியிட்ட அறிக்கையில், அணைக்கட்டுகள் மீன்களின் பிரயாணத்தை மறிப்பதை விரிவாகப் பிரஸ்தாபித்தார். ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே போய்வரும் மீன்களில் கொடுவா ஒரு விசித்திரப் பிராணி. உள்ளத்துக்கு நேர்மாறாக, இது கழிமுகத்தின் உப்பு நீரில் பிறந்து, குஞ்சாக இருக்கையில் நன்னீரை நோக்கி ஏறி, அங்கே தின்று பெருத்து, இனம் பெருக்குவதற்காக மீண்டும் கடலோரத்திற்கு இறங்குகிறது. பிறந்து வளர்ந்து முதிரும்போது ஆணாகவும், இன்னும் சில ஆண்டுகள் கழிந்தபின் பெண்ணாகவும் மாறிவிடுவதால், நாம் சந்தையில் பார்க்கிற மிகப் பெரிய கொடுவாய்கள் ஏறக்குறைய எல்லாமே தாய் மீன்கள். 1790-இல் பிளாக் என்னும் ஜெர்மானியர் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். வங்காளத்தார் பேட்கி என்று கொண்டாடுகிறார்கள். ஆஸ்திரேலியர் பாரமுண்டி என்கிறார்கள். பழவேற்காட்டிலும் புன்னைக்காயலிலும் இதை அறியாத பரதவர் இல்லை. சூலக்கரைக்காரருக்கோ, ஐஸ் பெட்டியில் தூத்துக்குடியிலிருந்து வந்தால்தான் தரிசனம்.

வெள்ளைக்கார அதிகாரிகளில் ஒரு சாரார், மீனைப் பிடிப்பதையே பொழுதுபோக்காகவும் கலையாகவும் கொண்டிருந்தார்கள். சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹெச். எஸ். தாமஸ், 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு நூலும், பின்னர் 1887-இல், குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக ஒரு நூலும் எழுதினார். நம் கண்மாயை இப்படியும் ஒருவர் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு எப்பொழுதும் வியப்பளிப்பது. இதே காலத்து அதிகாரிகளின் கவலைதான், ஆற்றிலும் குளத்திலும் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீனைக் கொல்வதைக் குற்றமாக்கிய 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமாக உருவெடுத்தது. சிவகாசியில் முதல் தீப்பெட்டித் தொழிற்சாலை எழுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, வெடிமருந்துக்கும் மீனுக்கும் இடையே சட்டம் கோடு கிழித்துவிட்டது என்பதை இந்தப் பக்கத்து வாசகர்கள் ரசிப்பார்கள்.

1907-இல் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் சென்னை மாகாண மீன்வளத் துறை உருவான பின்னர், நீர்நிலைகளில் மீனை விதைக்கலாம் என்ற எண்ணம் வேரூன்றியது. கோதாவரியிலிருந்து கட்லா தெற்கே வந்தது. 1952-இல் ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட திலேப்பியா வந்து, ஜிலேபி என்று செல்லப்பெயர் பெற்று, விட்ட இடத்திலும் விடாத இடத்திலும் பெருகி, நாட்டுக் கெண்டைகளைப் பல கண்மாய்களில் ஓரங்கட்டிவிட்டது. 1957-இல் ஹீராலால் சௌத்ரி, ஒரிசாவிலுள்ள அங்குலில், பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தபோது, ஆற்று வெள்ளத்தில் குஞ்சு பொறுக்கிய காலம் முடிவுக்கு வந்தது. விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராயிருந்த ஆண்டுகளில் சாத்தனூர், மணிமுத்தாறு, வைகை என்று வரிசையாக அணைகள் எழுந்தன. அவர் பிறந்த மண்ணுக்கு ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, குல்லூர்சந்தை, பிளவக்கல் போன்ற நீர்த்தேக்கங்கள் பின்னாளிலேயே வாய்த்தன.

அந்த நீர்த்தேக்கங்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு புறப்படுவது எங்கள் பக்கத்தில் ஒரு புது வழக்கம். சூலக்கரையிலிருந்து குல்லூர்சந்தை கூப்பிடு தூரம். கௌசிகா நதி நகரத்தின் சாக்கடையையும் சுமந்துகொண்டு வந்து சேர்வதால் அங்கே பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கவிட எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆனைக்குட்டத்திற்குப் போனால், கரைமேல் புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, மண்புழு கோத்த முள்ளும் நரம்பும் கையுமாக உட்காரும் பெரியப்பாக்களையும் மாமாக்களையும் காணலாம். அகப்படுவது பெரும்பாலும் ஜிலேபிதான். குத்தகைதாரரின் ஆள் வந்து, "அண்ணே, நரம்பைச் சுருட்டுங்க" என்று அதட்டாத குறையாகச் சொல்லும் வரையில் அந்த ஆனந்தம் நீடிக்கும். மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பிளவக்கலில் காற்றும் நிழலும் தாராளம். கொண்டுபோன சோறு அங்கே இரட்டிப்பு ருசியாக இருக்கும்.

இந்த நரம்பு முனையில் ஒரு நாள் கொடுவா மாட்டுமா? முகாந்திரம் இல்லாத கேள்வி அல்ல. சென்னையில் 1987-இல் தோன்றிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், 1997-இல் கொடுவாயைப் பிடித்து வைத்த நிலையிலேயே முட்டையிடச் செய்வதில் வெற்றி பெற்றது. சீர்காழியை அடுத்த தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையமும் குஞ்சு பொரிப்பகம் நடத்திவருகிறது. பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பையில், உப்பைச் சிறுகச் சிறுகக் குறைத்துப் பழக்கிய குஞ்சுகள், கடலையே கண்டிராத பண்ணைக் குட்டைகளுக்குப் பிரயாணம் செய்கின்றன. குஞ்சு வளர்ப்பவருக்குப் பெரிய உபத்திரவம் ஒன்று உண்டு. உடன்பிறந்தானை விழுங்குவதில் கொடுவாய்க்குக் கூச்சம் கிடையாது. தன் நீளத்தில் பாதிக்கு மேலிருக்கும் சகோதரனைக்கூட விழுங்க முயலும். ஆகவே சில நாட்களுக்கு ஒருமுறை சல்லடை கொண்டு அளவு பார்த்துப் பெரியதைப் பெரியதோடும், சிறியதைச் சிறியதோடும் பிரித்துவிடவேண்டும். அசட்டையாக இருந்தால் தொட்டியில் எண்ணிக்கை குறைந்து, எஞ்சியவை மட்டும் கொழுத்திருக்கும்.

அணை நீரில் கொடுவாயை விட்டுத் தூண்டில் போடும் பழக்கத்தை முழுமையான ஏற்பாடாக வளர்த்தவர்கள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணத்தார். பாசனத்திற்காகக் கட்டிய டினாரூ அணையில் 1980-களின் மத்தியில் குஞ்சு விடத் தொடங்கினார்கள். அணை நீரில் அது இனம் பெருக்காது. எனவே ஆண்டுதோறும் விட்டுக்கொண்டேயிருக்கவேண்டும். அதற்கான பணத்திற்கு, தூண்டில் போடுகிறவர்களிடம் அனுமதிச் சீட்டுக் கட்டணம் வாங்கி, அதில் பெரும்பங்கைக் குஞ்சு வாங்குவதற்கே திருப்பிவிடுகிறார்கள். பள்ளி விடுமுறையில், காருக்குப் பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, அணைக்கு அணை கூடாரம் போட்டு வருகிற குடும்பங்கள் பிடித்த மீனைப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப நீரில் விடுவதும் உண்டு. மோண்டுரான் என்னும் அணையில் 2010-இல் அகப்பட்டது 44 கிலோவுக்கு மேல். நம் ஊரில் அவ்வளவு பெரிய மீனை ஒருவர் தண்ணீரில் திரும்ப விட்டால், அவரைப் பற்றி வீட்டில் என்ன பேசுவார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் பிடிக்கிறவனிடம் வசூலித்ததை நீருக்கே திருப்புகிற அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. மீனின் வருமானத்தை ஏரிக்கே செலவிட்ட நம் பழைய ஊர்ச் சபைகளுக்கு அது அந்நியமாகத் தோன்றியிராது.

கொடுவாயை இங்கே கொண்டுவந்து விடவேண்டும் என்று உற்சாகமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அயிரையும் குறவையும் இன்னும் மிச்சமிருக்கும் கண்மாயில் அதை விடுவது அவற்றிற்கு மரண ஓலை எழுதுவதாகும். ஜிலேபி மிகுந்துபோன, கரை உறுதியாயிருக்கிற தனிக் குட்டையானால், அதைத் தின்று குறைக்க இவ்வேட்டை மீனை அளவோடு பயன்படுத்துவதில் நியாயம் உண்டு. ஓராண்டில் ஒரு கிலோவை எட்டக்கூடிய அதன் வளர்ச்சி, தண்ணீர் நிலைக்காத நம் பூமிக்குப் பொருந்தவும் செய்யும். அணையில் விடுவதற்கு இன்னொரு தடையும் இருக்கிறது. நல்ல மழை பெய்து ஆனைக்குட்டம் நிரம்பினால் அர்ச்சுனா நதியில் உபரி நீர் போகும். அதோடு இறங்கும் கொடுவா கோல்வார்பட்டியையும் இருக்கன்குடியையும் கடந்து, வைப்பாற்றின் வழியே மன்னார் வளைகுடாவுக்குப் போகப் பார்க்கும். ஏலப் பணம் கட்டிய குத்தகைதாரர் அதைச் சும்மா விடுவாரா? மறுகால் பாயும் இடத்தில் குறுக்கே வலை கட்டுவார். வலையில் செத்தையும் முள்ளும் அடைத்துக்கொண்டு தண்ணீர் எதிர்த்து ஏறும். கரை உடைந்துவிடும் என்று ஆயக்கட்டுக்காரர்கள் அரிவாளோடு வந்து வலையை அறுப்பார்கள். மறுநாள் காலையில் இரண்டு தரப்பாரும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, சூலக்கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிற மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து வாசலில் நிற்பார்கள்.