குற்றம் எங்கே பிறக்கிறது?

சிறுவர்களை அழைத்துக்கொண்டு நாம் கிண்டிக்குச் சென்று காணும் பாம்புப் பண்ணை, தொடக்கத்தில் தாம்பரத்தை அடுத்த சேலையூரில்தான் இருந்தது. 1972-ஆம் ஆண்டில் அது கிண்டிக்கு இடம் பெயர்ந்தது. அதனை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கருக்குப் பாம்பின் தடம் காணக் கற்றுக்கொடுத்தவர்கள் செங்கல்பட்டுப் பகுதியின் இருளர்கள். குற்றம் என்று எதனைச் சொல்வது என்னும் பழைய வினாவை அம்மக்களின் வரலாறு நம்முன் புதிதாக வைக்கிறது.

வரப்பில் எலி வளை தோண்டுவதும், தேனும் மூலிகையும் விறகும் சேர்ப்பதும், பாம்பு பிடித்துத் தோலை வணிகரிடம் விற்பதும் அவர்களது பிழைப்பாக இருந்தன. அத்தோல் கடல் கடந்து சென்று செல்வர்களின் கைப்பையும் காலணியுமாயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. நேற்றுவரை தொழிலாயிருந்தது இன்று குற்றமாயிற்று. கை அதே கைதான். பாம்பும் அதே பாம்புதான்.

அச்சட்டம் தீயது என்று சொல்ல வரவில்லை. பாம்பு அழிந்தால் எலி பெருகும். எலி பெருகினால் உழவன் வீட்டு நெல் குறையும். சட்டம் தேவையானதே. ஆயினும் ஒருவனது அடுப்பை அணைக்கும் சட்டத்தை இயற்றுவோர், அவன் இனி எதனை உண்பான் என்று கேட்க வேண்டாமா?

அதே 1976-இல் மற்றொரு சட்டமும் நிறைவேறியது. அது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். அதுவரை முன்பணம் என்ற பெயரில் ஒரு குடும்பத்தையே அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கட்டி வைப்பது 'வழக்கம்' என்று கருதப்பட்டது. அவ்வழக்கம் அன்று முதல் குற்றமாயிற்று. ஆனால் இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின்னரும் காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளில் கொத்தடிமைகளாயிருந்த இருளர் குடும்பங்கள் அதிகாரிகளால் மீட்கப்பட்டதைச் செய்தித்தாள்களில் படித்தோம். ஏழையின் செயலைக் குற்றமென்று காண ஒரு நாள் போதுமானதாயிருக்கிறது. ஏழைக்கு எதிரான செயலைக் குற்றமென்று காணத் தலைமுறைகள் தேவைப்படுகின்றன.

இதனினும் கொடிய நிலையையும் நம் நாடு கண்டதுண்டு. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911-இல் திருத்தி இயற்றப்பட்டபின் அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. எதனைச் செய்தான் என்று அச்சட்டம் கேட்கவில்லை. எந்தக் குலத்தில் பிறந்தான் என்று மட்டுமே கேட்டது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் மாண்டனர், அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதிலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. பிறப்பால் குற்றவாளியாக இருந்தவர்கள் அரசாணை ஒன்றினால் குற்றமற்றவர்களாயினர் என்றால், அக்குற்றம் உண்மையில் எங்கே இருந்தது?

இதனால் நன்மை தீமை என்பதே இல்லை, எல்லாம் காலத்தின் கோலம் என்று முடிவு செய்துவிடலாகாது. கொலை என்றும் கொலையே. தூய தோமா அக்குவினார் களவைப் பாவம் என்றே போதித்தார். எனினும் உயிர் போகும் தேவையில் இருப்பவன் பிறர் பொருளை எடுத்தால் அது களவாகாது என்றும் எழுதினார். அறம் மாறுவதில்லை. அதனை யார்மீது, எந்நிலையில் சுமத்துகிறோம் என்பதில்தான் சமூகத்தின் மனம் வெளிப்படுகிறது.

இருளர் வரலாறு அத்துடன் முடியவில்லை. 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வனத்துறையின் அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சினை எடுத்து, மீண்டும் காட்டிலே விட்டார்கள். பாம்புக்கடிக்கு நாடெங்கும் தரப்படும் மருந்து அந்நஞ்சினைக் கொண்டு செய்யப்படுகிறது. பிழைப்பாக இருந்து குற்றமாகிய அதே திறமை, உயிர்காக்கும் தொண்டாயிற்று. 2023-இல் அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர்களது கைகள் திருந்தியதாலா இம்மாற்றம் நேர்ந்தது? இல்லை; அக்கைகளுக்கு நேர்மையான வழி ஒன்று திறந்துவிடப்பட்டது.

நம் தெருவில் ஒரு வீட்டில் பொருள் காணாமற்போனால், நம் கண்கள் முதலில் யாரை நோக்கித் திரும்புகின்றன? ஏரிக்கரைக் குடிசையையா, மாடி வீட்டையா? 1952-இல் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்ட அந்தப் பட்டியல் நம் உள்ளத்திலிருந்தும் நீங்கிவிட்டதா என்பதை அந்த நொடியில் நாம் அறிந்துகொள்ளலாம்.