நியூயார்க் நகரப் புகலிட அமைப்பு

வீடற்றோர் தங்குமிடம் கோரும் உரிமையைச் சட்டப்படி பெற்றுள்ள அமெரிக்கப் பெருநகர ஏற்பாடு. வழக்கறிஞர் ராபர்ட் ஹேய்ஸ் 1979இல் வீடற்ற ஆண்கள் சார்பில் தொடுத்த 'கேலகன் எதிர் கேரி' வழக்கிலிருந்து இது உருவானது. 1981இல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நீதிமன்ற ஆணை 30 அங்குல அகலக் கட்டில், இரண்டு துவைத்த விரிப்புகள், தலையணை, பூட்டக்கூடிய பெட்டி என வசதிகளை வரையறுத்தது. மனுதாரர் கேலகன் அதற்கு முன்பே தெருவில் இறந்துவிட்டார். பின்வந்த வழக்குகளால் பெண்களும் குடும்பங்களும் இவ்வுரிமையைப் பெற்றனர்.

நடைமுறை கடினமானது. குழந்தைகளுள்ள குடும்பங்கள் பிராங்க்ஸ் சேர்க்கை மையத்தில் கடந்த 2 ஆண்டுகளில் வசித்த முகவரிகளைத் தெரிவிக்க வேண்டும். உறவினர் வீட்டில் தங்கலாம் என அதிகாரிகள் கருதினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். திருட்டு, சண்டை, இரவுக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு அஞ்சிச் சிலர் சுரங்க ரயில்களிலேயே உறங்குகின்றனர். வாடகை உதவிச் சீட்டு கிடைத்தாலும் வீடு அமைவது அரிது. சீட்டைக் காரணம் காட்டி வாடகைக்கு மறுப்பதை நகரம் 2008இல் தடை செய்தும், வேறு சாக்குகளுடன் மறுப்பு தொடர்கிறது. கட்டுப்படியாகும் வாடகை வீடுகளின் பற்றாக்குறையே புகலிடவாசம் நீள்வதற்கு முதன்மைக் காரணம்.