நிலவேம்பு: எலி ஆய்வுகளும் நோய் எதிர்ப்புச் செல்களும்

நிலவேம்பு என்பது காய்ச்சலுக்குக் கஷாயமாக்கிக் குடிக்கப்படும் கசப்புச் செடி. சிறியாநங்கை என்றும் பலர் சொல்வர். வெட்டிவேர், சுக்கு, மிளகு, பற்படாகம் உள்ளிட்ட எட்டுச் சரக்குகளோடு அது சேர்வதே நிலவேம்புக் குடிநீர் என்னும் சித்த மருந்து. பொதிகை மலையும் தாமிரபரணி ஆறும் சித்த மருத்துவத்தின் அகத்தியர் மரபோடு பிணைந்தவை. ஆற்றுக்குக் கிழக்கே பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் தொடங்கப்பட்டது.

2012இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் கடையநல்லூர்ப் பகுதியில் டெங்கு கடுமையாகப் பரவியது. தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரைப் பரவலாக வழங்கியது. அது வைரஸை ஒடுக்குகிறதா, உடலின் எதிர்ப்பைத் தூண்டுகிறதா என்ற கேள்வியும் வலுத்தது.

செடியின் முதன்மைக் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு 1911இலேயே பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் 1993இல் வெளியிட்ட எலி ஆய்வுதான் எதிர்ப்புச் செல்களின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. செடிச்சாறு பெற்ற எலிகளில் ஆட்டின் சிவப்பணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் கூடியது. மேக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல்கள் சுறுசுறுப்படைந்தன. மண்ணீரலில் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் பெருகின. அந்த எலிகளுக்கு வைரஸ் தொற்று இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. 2004இல் இன்னொரு முகம் தெரிந்தது: அதே கசப்புப் பொருள், அழற்சியை முடுக்கும் என்எஃப்-கப்பா பி என்ற புரதத்தைத் தடுக்கிறது.

டெங்குவில் இந்த இரண்டு முகமும் முக்கியம். மோனோசைட் என்னும் வெள்ளணுக்களிலும் மேக்ரோபேஜ்களிலும் புகுந்தே டெங்கு வைரஸ் பெருகுகிறது. நோய் முற்றும்போது, எதிர்ப்புச் செல்கள் அளவுமீறிச் சுரக்கும் சைட்டோகைன் என்னும் சமிக்ஞைப் புரதங்கள் ரத்தக்குழாய்களைக் கசியச் செய்கின்றன. ஆகவே எதிர்ப்பைத் தூண்டுவது எல்லாக் கட்டத்திலும் நன்மை என்று கொள்ள முடியாது. எந்த நாளில் தூண்டல், எந்த நாளில் தணிப்பு என்பதே உண்மையான கேள்வி.

அதற்கு எலியிடம் விடை பெறுவது கடினம். சாதாரண எலியில் இன்டர்ஃபெரான் என்னும் வைரஸ் எதிர்ப்புப் புரதங்களின் தற்காப்பு டெங்கு வைரஸை எளிதில் அடக்கிவிடுகிறது. அதனால் இன்டர்ஃபெரான் ஏற்பிகள் நீக்கப்பட்ட ஏஜி129 எலிகள் 1999 முதல் டெங்கு ஆய்வுக்குப் பயன்படுகின்றன. மருந்து வைரஸின் அளவைக் குறைக்கிறதா என்று அவற்றில் அறியலாம். ஆனால் எதிர்ப்பாற்றலின் முக்கியப் பாதையே அவற்றில் அடைபட்டிருப்பதால், எதிர்ப்புச் செல்கள் வழியாக வேலை செய்யும் மருந்தை அவற்றைக் கொண்டு மட்டும் எடைபோடுவது நியாயமாகாது.

டெல்லியின் பன்னாட்டு மரபணுப் பொறியியல் மற்றும் உயிர்த்தொழில்நுட்ப மையம் ஆய்வுக்கூடச் செல்களில் குடிநீர்ச் சரக்கைச் சோதித்து, டெங்கு, சிக்குன்குன்யா இரண்டையும் அது ஒடுக்குவதாகக் கண்டது. நம்பிக்கை தரும் முடிவு. எனினும் சோதித்தது எத்தனால் சாறு, மக்கள் குடிப்பதோ தண்ணீரில் காய்ச்சிய கஷாயம். பாளையங்கோட்டையிலேயே சித்த மருத்துவக் கல்லூரியும், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. இரண்டும் சேர்ந்து, டெங்கு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, வைரஸ் அளவையும் சைட்டோகைன்களையும் நாள்தோறும் அளந்தால், எலி தர இயலாத விடை இந்த ஊரிலேயே கிடைக்கக்கூடும்.